டில்லிக் குளிருக்கு எந்த ஹீட்டர்? அப்பா அம்மா திருச்சியிலிருந்து வருகிறார்கள்

மயூர்விகார் மீனா — டிசம்பர் 3, இரவு 9:40

வணக்கம். மயூர் விகார் ஃபேஸ் 1, டிடிஏ ஃபிளாட், இரண்டாவது மாடி, வாடகை வீடு. இரண்டு படுக்கையறை. பெரியது வடக்குப் பார்த்தது, மார்கழி தை முழுக்க அதற்குள் ஒரு பொட்டு வெயில் வராது. போதாக்குறைக்கு ஜன்னலில் பாதியை அடைத்துக்கொண்டு பழைய கூலர் நிற்கிறது. இதுவரை நானும் கணவரும் ரஜாயும் (கனத்த பஞ்சுப் போர்வை) ஸ்வெட்டருமாக ஓட்டிவிட்டோம். இந்த முறை அப்பாவும் அம்மாவும் 15-ஆம் தேதி வந்து பொங்கல் வரை இருக்கப்போகிறார்கள். அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு மூட்டுவலி. திருச்சியில் 22 டிகிரிக்கே மஃப்ளர் கட்டுகிறவர்கள்.

கடையில் போய் நின்றால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் ஆயில் ஹீட்டர்தான் என்கிறார், பக்கத்துக் கடைக்காரர் ப்ளோயரே போதும் என்கிறார். ஏசிக்காரர் ஹாட் அண்ட் கோல்டு வாங்கினால் கோடைக்கும் ஆச்சு என்கிறார். கையில் 15,000 வரை இருக்கிறது. கரண்ட் இப்போது மாதம் 170, 180 யூனிட் ஆகிறது, அதனால் பில் பூஜ்ஜியம். பெரிய அறையைத்தான் அவர்களுக்குக் கொடுப்பதாக இருக்கிறோம். உங்கள் வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்?


பழைய டில்லிவாலா — டிசம்பர் 3, இரவு 10:15

1984-லிருந்து இந்த ஊர். ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோதும் சரி, இப்போதும் சரி, எங்கள் வீட்டில் ராடு ஹீட்டர் ஒன்றுதான். சிவந்து நிற்கும், அதன் முன்னால் வட்டமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்போம். மூன்று பிள்ளைகளும் அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் வேலைக்குப் போனார்கள். ஆயிரம் ரூபாயோடு முடிகிற விஷயம்மா. ஆயிலாவது, ஏசியாவது.

ஒன்று மட்டும், ராத்திரி முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். ரூமில் இருக்கிற ஆக்சிஜனை எரித்துவிடும்.


கம்ப்ரசர் கண்ணன் — டிசம்பர் 3, இரவு 11:05

மேலே சார் சொன்ன ஆக்சிஜன் விஷயத்தை மட்டும் மரியாதையோடு மறுக்கிறேன். நான் குளிர்சாதன வேலையில் 18 வருஷம். கம்பி சிவந்து தெரிகிறதே தவிர, அங்கே எதுவும் எரியவில்லை. பல்பு போலத்தான். கரண்டில் ஓடுகிற எந்த ஹீட்டரும் ஆக்சிஜனைத் தின்னாது. கரி, விறகு, கேஸ் இதெல்லாம் தின்னும், அது வேறு கதை. ராடு ஹீட்டரை ராத்திரியில் அணைக்கச் சொல்வது சரிதான், ஆனால் காரணம் தீ. ரஜாயின் ஒரு நுனி சரிந்து அதன் மேல் விழுந்தால் போதும்.

மீனா மேடம், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ராடு, குவார்ட்ஸ், ஹாலஜன், ப்ளோயர், ஆயில் எதுவானாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். 'எங்கள் மாடல் கரண்ட் மிச்சம் பிடிக்கும்' என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தச் சூடு எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் வித்தியாசம். ராடும் குவார்ட்ஸும் வெயில் மாதிரி, எதிரில் இருக்கிற ஆளைச் சுடும், முதுகு குளிர்ந்துகொண்டே இருக்கும். ப்ளோயர் காற்றைச் சூடாக்கும், அணைத்த அஞ்சு நிமிஷத்தில் பழைய கதை. ஆயில் ஹீட்டர் சூடாவதற்கே அரை மணி ஆகும், ஆனால் சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, கதகதப்பு நிற்கும். உள்ளே இருக்கிற எண்ணெய் செலவாகாது, ஊற்றவும் வேண்டாம்.

இன்னொரு கணக்கு. 10க்கு 12 அறை, பத்தடி உயரம். அதில் இருக்கிற காற்றை மட்டும் 10 டிகிரி ஏற்றுவதற்கு எவ்வளவு வேண்டும் தெரியுமா? யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். 2000 வாட் ஹீட்டருக்கு நாலு நிமிஷ வேலைகூட இல்லை. அப்புறம் ஏன் ஒரு மணி நேரம் ஓடியும் குளிர்கிறது? சுவர் குடிக்கிறது, மொசைக் தரை குடிக்கிறது, கதவடியும் ஜன்னல் இடுக்கும் வெளியே விடுகின்றன. ஹீட்டர் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கூலர் ஜன்னலைப் பாருங்கள்.


துவாரகா துளசி — டிசம்பர் 4, காலை 7:20

ஆயில் ஹீட்டருக்கு என் ஓட்டு. பையன் பிறந்த வருஷம் வாங்கினோம், 9 ஃபின் (சூடு பரப்புகிற தகடு). குழந்தை இருக்கிற வீட்டில் ராடு வைக்கவே முடியாது, தவழ்ந்து போய்க் கையை நீட்டிவிடுவான். ஆயில் ஹீட்டரும் தொட்டால் சுடும்தான், ஆனால் நெருப்புத் துண்டு மாதிரி இல்லை. சாய்ந்து விழுந்தால் தானாக அணைகிற மாடலாகப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். முதல் நாள் ஒரு வாடை வரும், பால்கனியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் உள்ளே கொண்டுவாருங்கள்.

தொண்டையும் மூக்கும் காய்ந்து போகும். ஒரு மூலையில் தண்ணீர்ப் பாத்திரம் வைப்போம்.


கம்ப்ரசர் கண்ணன் — டிசம்பர் 4, காலை 8:02

தண்ணீர் வைப்பது தப்பில்லை. ஹீட்டர் ஈரத்தை உறிஞ்சுவதில்லை, காற்று சூடானால் அதே ஈரம் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மூடுபனி நாளில் வெளியே 8 டிகிரியில் நூறு சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள், அதே காற்றை 22-க்குக் கொண்டுவந்தால் 40 சதவீதத்துக்குப் பக்கம் நிற்கும். மோசமில்லை. 27, 28 வரை ஏற்றி வைக்கிற வீட்டில்தான் தொண்டை காயும்.


நொய்டா நாகு — டிசம்பர் 4, மதியம் 1:30

ஹாட் அண்ட் கோல்டு ஏசி வாங்கி மூன்றாவது குளிர்காலம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர். யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

நல்லது: கரண்ட் நிஜமாகவே குறைவு. கண்ணன் சார் சொன்ன ஒன்றுக்கு ஒன்று கணக்கு இதற்குப் பொருந்தாது. வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உள்ளே இழுத்து வருவதால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு. உத்தரப் பிரதேசப் பக்கம் எங்களுக்கு டில்லி மாதிரி இலவச யூனிட் கிடையாது, அதனால் எனக்கு லாபம்.

கெட்டது: உள் யூனிட் உச்சியில் மாட்டியிருக்கிறது. சூடான காற்று மேலேயே சுற்றும், தலை வேர்க்கும், பாதம் ஜில்லென்று இருக்கும். இறக்கையை நேராகக் கீழே திருப்பி, ஃபேனை ஏற்றி வைக்க வேண்டும். மூடுபனி ராத்திரியில் வெளி யூனிட்டில் பனி படியும், அதை உருக்க அதுவே பத்து நிமிஷம் நின்றுவிடும். முதல் வருஷம் இது தெரியாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் வந்து பார்த்து, 'ஒன்றுமில்லை' என்று சொல்ல 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

மீனாவின் 15,000-க்கு இது வராது. வாடகை வீட்டில் சுவரைக் குடைய ஓனரும் விடமாட்டார்.


கரோல்பாக் கார்த்தி — டிசம்பர் 4, இரவு 10:48

எல்லாரும் ஹீட்டரைப் பற்றியே பேசுகிறீர்கள், பிளக் பாயிண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. என் கதையைக் கேளுங்கள்.

நான் இருப்பது பர்சாத்தி, மொட்டைமாடியில் ஒற்றை அறை. மூன்று பக்கமும் வெளிச்சுவர், மேலே தளம். போன ஜனவரியில் 2000 வாட் ப்ளோயர் வாங்கினேன். அறையில் 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லை, ப்ளோயரின் பெரிய மூன்று பின் பிளக் சின்ன ஓட்டையில் போகாது. கடையில் 60 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் கொடுத்தார்கள். அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, அதை 6 ஆம்பியர் பாயிண்டில் சொருகி, நாலு நாள் சொர்க்கம். அஞ்சாவது நாள் மீன் வறுக்கிற வாடை. கீழ்வீட்டு வங்காளி ஆன்ட்டி சமைக்கிறார் என்று நினைத்துப் படம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாடை ஏறிக்கொண்டே போகவும் திரும்பிப் பார்த்தால், கட்டிலுக்கு அடியில் பாக்ஸின் வெள்ளை முகத்தில் சுண்டைக்காய் அளவுக்குப் பழுப்பு வட்டம், நடுவில் பிளாஸ்டிக் மெழுகு மாதிரி தொங்குகிறது. பிளக்கைப் பிடித்து இழுத்தால் ஒரு பின் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. மெயினை அணைத்துவிட்டு அந்த ராத்திரி முழுக்கக் குளிரில் உட்கார்ந்திருந்தேன்.

2000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியருக்குப் பக்கம். 6 ஆம்பியர் பாயிண்ட் எப்படித் தாங்கும்? இப்போது வைத்திருப்பது எலக்ட்ரிக் பெட்ஷீட், 100 வாட்டுக்குள். அறை குளிர்ந்தால் குளிரட்டும், நான் சூடாக இருக்கிறேன்.


பழைய டில்லிவாலா — டிசம்பர் 5, காலை 6:30

இதற்குத்தான் 800 வாட் ராடு வாங்கச் சொன்னேன்.


நைட் டியூட்டி நளினி — டிசம்பர் 5, காலை 9:10

கார்த்தி, உங்களுக்கு எலக்ட்ரிக் பெட்ஷீட் சரி. மீனாவின் அப்பாவுக்குச் சொல்லமாட்டேன். பல வருஷச் சர்க்கரை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுடுவது தெரியாது. ஹாட் வாட்டர் பேக்கை காலடியில் வைத்துத் தூங்கி, காலையில் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு நானே டிரெஸ்ஸிங் செய்திருக்கிறேன். ராடு ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்காருவதும் அப்படித்தான். படுப்பதற்கு முன் ஷீட்டைப் போட்டுப் படுக்கையைச் சூடாக்கி, ஏறிப் படுக்கும்போது அணைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ்.

எவ்வளவு சூடு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் கொடுத்த வழிகாட்டியில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரி போதும் என்கிறது, வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி அறையில் மாட்டுங்கள்.


பட்பட்கஞ்ச் பாலாஜி — டிசம்பர் 5, மதியம் 12:20

நான் இந்த ஊருக்குப் புதுசு. எங்கள் கேட் வாட்ச்மேன் அங்கீட்டி மூட்டிக்கொள்கிறார், நம் ஊர்க் குமுட்டி அடுப்பு மாதிரிதான். பிரமாதமான சூடு. கரி நன்றாகக் கனிந்து, புகை அடங்கினதும் ரூமுக்குள் கொண்டுவந்து வைத்தால் என்ன? செலவே இல்லையே.


நைட் டியூட்டி நளினி — டிசம்பர் 5, மதியம் 12:34

வேண்டாம் பாலாஜி. வேண்டவே வேண்டாம். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

புகை அடங்கின கரிதான் ஆபத்து. மூடின அறையில் காற்று பத்தாமல் கனல்கிற கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும். வாடை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேல் பிடிப்போடு இது உட்கார்ந்துவிடும். தலை வலிக்கும், குமட்டும், 'அசதி' என்று நினைத்துப் படுப்பார்கள், எழுந்திருக்கமாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் விடியற்காலையில் இரண்டு பையன்களைக் கொண்டுவந்தார்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள். தார்ப்பாய்க் கொட்டகையை இறுக மூடி உள்ளே அங்கீட்டி. விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 98 காட்டியது. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் எது, இந்த விஷம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒருவன் பிழைத்தான். இன்னொருவனைப் பார்த்தால் தூங்குகிற மாதிரிதான் இருந்தது.

வாட்ச்மேனுக்கும் எல்லாருமாகக் காசு போட்டு ஒரு ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள். காற்று மோசமாகும்போது போடுகிற கட்டுப்பாடுகளிலும் இதைத்தான் சொல்கிறார்கள்.


பட்பட்கஞ்ச் பாலாஜி — டிசம்பர் 5, மதியம் 12:50

தெரியாமல் கேட்டுவிட்டேன் அக்கா. வாட்ச்மேனிடமும் சொல்கிறேன். குளியலறைக்கு ஓனர் கேஸ் கீசர் போட்டிருக்கிறார், அதுவும் இதேதானா?


கம்ப்ரசர் கண்ணன் — டிசம்பர் 5, மதியம் 1:15

அதேதான். கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரலாம். உள்ளேயே மாட்டியிருந்தால் இன்றைக்கே ஓனரிடம் பேசுங்கள். அதுவரை அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளியுங்கள்.


மயூர்விகார் மீனா — டிசம்பர் 6, இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. கார்த்தியின் கதையைப் படித்ததும் எழுந்து போய் வீட்டில் எத்தனை 16 ஆம்பியர் பாயிண்ட் என்று பார்த்தேன். மூன்றுதான். குளியலறை கீசர், சமையலறை, அப்புறம் சின்ன அறையில் ஏசிக்கு. வடக்கு அறையில் ஒன்றுகூட இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், பழைய ஒயரிங், பெட்டியிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும், 3,500 ஆகும் என்கிறார். ஓனர் போனையே எடுக்கவில்லை. கரண்ட் கணக்கும் புரியவில்லை, யாராவது சொல்லுங்களேன்.


துவாரகா துளசி — டிசம்பர் 6, இரவு 9:31

மீனா, எதற்கு வடக்கு அறை? சின்ன அறை எந்தப் பக்கம் பார்த்தது?


மயூர்விகார் மீனா — டிசம்பர் 6, இரவு 9:33

தெற்கு. காலை பத்து மணிக்கு மேல் வெயில் வரும். அய்யோ.


துவாரகா துளசி — டிசம்பர் 6, இரவு 9:36

அவ்வளவுதான், அறையை மாற்றுங்கள்! அவர்கள் சின்ன அறையில், நீங்கள் இரண்டு பேரும் வடக்கில், ரஜாயோடு. பகலில் திரையை விலக்கிவிட்டு வெயிலை உள்ளே விடுங்கள், நாலு மணிக்கே கனத்த திரையை இழுத்து மூடுங்கள். தரையில் ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளம் இருக்குமே, அதை விரியுங்கள். கதவடியில் பழைய துண்டைச் சுருட்டி வையுங்கள்.


பழைய டில்லிவாலா — டிசம்பர் 7, காலை 6:12

வெயிலை நம்பாதீர்கள் அம்மா. 2019 டிசம்பர் 30 ஞாபகம் இருக்கிறதா? பகல் உச்சமே 9.4 டிகிரி. 2021 புத்தாண்டு அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1. மூடுபனி உட்கார்ந்தால் பத்து நாள் சூரியனைப் பார்க்க முடியாது. ஆனால் அறையை மாற்றுகிற யோசனை நல்ல யோசனை, அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

கரண்ட் கணக்கு நான் சொல்கிறேன், பில்லை வைத்துக்கொண்டு உட்காருகிற வயசு. டில்லியில் 200 யூனிட் வரை பூஜ்ஜியம். 201-லிருந்து 400 வரை பாதிக் கழிவு, அதிகபட்சம் 800 ரூபாய். 401 ஆனால் கழிவு மொத்தமும் போச்சு. ஆக உங்கள் எல்லை 400. இப்போது 180, மீதி 220. அதை முப்பது ராத்திரிக்குப் பங்கிட்டால் ஒரு ராத்திரிக்கு 7 யூனிட் சொச்சம். 2000 வாட்டை விடிய விடிய முழு வேகத்தில் ஓட்டினால் தாங்காது, நடு வேகத்தில் வைத்துத் தெர்மோஸ்டாட்டை (சூடு போதுமானதும் தானாக அணைக்கிற சுவிட்சு) நம்பினால் தாங்கும்.

பில்லில் சேங்ஷன் லோடு (வீட்டுக்கு அனுமதித்திருக்கிற மின் அளவு) என்று ஒரு கட்டம் இருக்கும், பாருங்கள். 2 கிலோவாட் என்று போட்டிருந்தால், கீசரையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்ட நிமிஷமே அதைத் தாண்டிவிடுவீர்கள். மீட்டர் உச்ச லோடைக் குறித்துக்கொள்கிறது. மாசக்கணக்கில் தாண்டினால் லோடை ஏற்றி நோட்டீஸ் வரும், நிலைக் கட்டணமும் கிலோவாட்டுக்கு 20 ரூபாயிலிருந்து 50-க்குப் போகும். ஒருவர் குளித்து முடித்து கீசரை அணைத்த பிறகு ஹீட்டரைப் போடுங்கள்.


கம்ப்ரசர் கண்ணன் — டிசம்பர் 7, காலை 7:44

சார் சொன்னது அத்தனையும் சரி. 9 ஃபின் போதும் மேடம், சின்ன அறைக்கு 13 ஃபின் எல்லாம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நேராக 16 ஆம்பியர் பாயிண்டில் சொருகுங்கள், நடுவில் பாக்ஸ் வேண்டாம். மேலே துணி காயப்போடக் கூடாது, பாத்திரம் வைக்கக் கூடாது. ஜன்னலில் ஒரு விரல் இடுக்கு விடுங்கள். ஆக்சிஜனுக்காக இல்லை, மூடின அறையில் இரண்டு பேர் மூச்சு விட்டால் காலையில் தலை கனக்கும். ஏசி பாயிண்டைக் கோடையில் திருப்பிக் கேட்பார்கள், ஞாபகம் இருக்கட்டும்.


மயூர்விகார் மீனா — ஜனவரி 8, இரவு 8:50

தகவல் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். மின்சாமான் கடைத்தெருவான பாகீரத் பேலஸ் போய் 9 ஃபின் ஆயில் ஹீட்டர் 8,200-க்கு வாங்கினோம். பழைய டில்லிவாலா மாமா கோபித்துக்கொள்ளாமல் இருக்க 800 வாட் குவார்ட்ஸ் ஒன்றும் வாங்கினேன். காலையில் அப்பா சந்தியாவந்தனத்துக்கு உட்காரும்போது அரை மணி, தள்ளி வைத்துப் போடுகிறோம். வடக்கு அறைக் கூலரைக் கழற்றி மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, ஓட்டையைத் தெர்மகோலும் அட்டையும் வைத்து அடைத்தாயிற்று. எங்கள் அறைக்கே அது பெரிய வித்தியாசம்.

தெற்கு அறையில் ராத்திரி 19, 20 டிகிரி நிற்கிறது. ஹால் 12. இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை நடு வேகத்தில் வைத்தால் ராத்திரிக்கு ஆறு யூனிட் ஆகிறது, தினம் மீட்டரைப் பார்த்துக் குறித்து வைக்கிறேன். அப்பா முதல் மூன்று நாள் 'இதற்கா எட்டாயிரம், சூடே வரவில்லையே' என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் ராத்திரி கரண்ட் போனதும், 'என்னம்மா, ஹீட்டரை அணைச்சிட்டியா?' என்று ஹாலுக்கே வந்துவிட்டார்.

இப்போது ஒரு சந்தேகம். இந்தக் குளிரில் இட்லி மாவு இரண்டு நாளானாலும் புளிக்காமல் கல்லு மாதிரி கிடந்தது. ஹீட்டருக்கு ஒரு முழம் தள்ளி வைக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா அதன் தலையிலேயே தூக்கை ஏற்றி வைத்துவிட்டு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, ஃபின் இடுக்கெல்லாம் வழிந்து அப்பளமாகக் காய்ந்திருக்கிறது. வீடெல்லாம் தோசை வாசனை. இதை எப்படிச் சுத்தம் செய்வது?


கம்ப்ரசர் கண்ணன் — ஜனவரி 8, இரவு 9:04

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சுவிட்சுப் பக்கம் ஈரமே போகக் கூடாது. பழைய பனியனை மரக் கரண்டிக் காம்பில் சுற்றி, வெந்நீரில் நனைத்து இறுகப் பிழிந்து, இடுக்கு இடுக்காக ஒற்றி ஊறவையுங்கள், அப்புறம் துடைத்தால் வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, மறுநாள் போடுங்கள்.


பழைய டில்லிவாலா — ஜனவரி 9, காலை 6:05

ராடு ஹீட்டரில் இந்த வம்பே இல்லை. மாவை ரஜாய்க்குள் சுற்றிக் கட்டிலடியில் வையுங்கள் அம்மா, நாங்கள் நாற்பது வருஷமாக அப்படித்தான்.